மார்ஸேல்ஸில் ஏற்றிய விளக்கு

மார்ஸேல்ஸ் என்ற பெயரைக் கேட்டதும், சுதந்திரப் போராட்டச் சரித்திரத்தில் பற்றுள்ள தமிழ் வாசகர்களின் மனக்கண்முன் வந்து நிற்பது 1910-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8-ஆம் தேதி நடந்த சம்பவமேயாகும். கைதியாகக் கப்பலில் கொண்டுபோகப்பட்ட சாவர்க்கர், அந்தத் துறைமுகத்தில் கப்பலின் சிறு துவாரம் ஒன்றின் வழியே உடலை நெருக்கிக்கொண்டு கடலில் குதித்து, நீந்திக் கரையேறி, பிரெஞ்சு மண்ணில் கால்வைத்தும் பயனில்லாமல் மறுபடியும் பிடிபட்டார். அவருக்கு உதவ விரைந்த நம் வ. வே. சு. ஐயரும் நண்பர்களும் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது என்று சொல்வதுண்டு. அதே காலத்தில் அதே நகரத்தில் நடந்துகொண்டிருந்த மற்றொரு பிரயத்தனத்தை நம்மவர் யாரும் கவனித்திருக்க நியாயமில்லை. பாதரச ஆவியின் நீலப் பிரகாசம் வீசும் ஒரு விளக்கை ஏற்றி வைத்து, அதன் அருகே ஊர்க் குடிநீரை ஓடவிட்டு, அந்த ஒளியினாலேயே நோய்க் கிருமிகளை ஒழித்துவிடலாமா என்று சில விஞ்ஞானிகள் அங்கே பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். இன்று நம் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் தண்ணீர்ப் பெட்டியின் பூர்விகத்தைத் தேடிக்கொண்டு போனால் அந்த விளக்கடியில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்நகரம் தண்ணீருக்காகப் பட்ட பாடு பெரிது. கடல் வாணிகத்தால் செழித்த பழம்பதியாயினும் அதற்கென்று சொல்லிக்கொள்ளத்தக்க ஆறு இல்லை. சிற்றோடைகளையும் கிணறுகளையும் நம்பியே ஜனங்கள் காலந்தள்ளி வந்தார்கள். 1834, 1835-ஆம் ஆண்டுகளில் காலரா வந்து ஊரைச் சூறையாடிய பிறகு, எவ்வளவு பணம் செலவானாலும் ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கி வரும் தியூரான்ஸ் நதியின் நீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்தே தீர்வது என்று நகரத்தார் துணிந்தார்கள். மோந்த்ரிஷே என்ற எஞ்சினீயர் மலைகளைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளின்மேல் பாலம் கட்டியும் அந்தக் கால்வாயை நடத்தி வந்தார். ரோக்ஃபவூர் என்னுமிடத்தில் அவர் எழுப்பிய மூன்றடுக்கு வளைவுப் பாலம் எண்பது மீட்டருக்கு மேல் உயர்ந்து, ரோமாபுரியார் அதே பிரதேசத்தில் கட்டிய புகழ்பெற்ற கார் பாலத்தையும் சிறுமைப்படுத்தி நிற்பது. 1849-இல் தண்ணீர் நகரத்தின் லோன்ஷான் மேட்டை அடைந்தது. இருபது ஆண்டு கழித்து, அந்த மேட்டில் தண்ணீரின் வருகையைக் கொண்டாடுவதற்கென்றே ஓர் அரண்மனையைக் கட்டி, நடுவிலே அருவிபோல் நீர் விழும்படியும் செய்தார்கள். தெய்வத்துக்குக் கோயில் எடுப்பதுபோல் தண்ணீருக்கு மாளிகை எடுத்த ஊர் என்று அதைச் சொல்வது மிகையாகாது.

ஆனால் தண்ணீர் வந்ததே தவிரத் தெளிந்த தண்ணீர் வரவில்லை. தியூரான்ஸ் முரட்டு நதி. வெள்ள காலத்தில் மலை வண்டலையெல்லாம் வாரிக்கொண்டு வரும். வழியில் பெரிய நீர்நிலைகளை அமைத்து வண்டலைப் படியவிட்டுப் பார்த்தும் குழாயில் கலங்கல் தீரவில்லை. கலங்கலாவது கண்ணுக்குத் தெரிந்த குற்றம்; கண்ணுக்குத் தெரியாத குற்றம் 1884-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு கோடையில் பக்கத்துத் தூலோன் துறைமுகத்தில் மூண்ட காலரா மார்ஸேல்ஸையும் வந்து பற்றிக்கொண்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் கல்கத்தாக் குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டறிந்து திரும்பிய ராபர்ட் காக் தூலோனுக்கும் அழைக்கப்பட்டார் என்றால், அந்தப் பீதியின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

இனி விளக்கின் கதையைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்க்கவேண்டும். சூரிய கிரணத்தைப் பட்டைக் கண்ணாடியால் பிரித்தால் சிவப்பு முதல் ஊதா வரை ஏழு நிறம் தோன்றுகிறதல்லவா? சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குப் புலப்படாத உஷ்ணக் கிரணம் ஒன்று உண்டென்று 1800-இல் ஹெர்ஷல் கண்டு சொன்னார். அப்படியானால் மறுபுறத்தில், ஊதாவுக்கு அப்பாலும் ஏதோ ஒன்று இருக்கத்தானே வேண்டும் என்று நினைத்தவர், ஜெர்மனியில் ஜேனா நகரத்தில் வறுமையோடு மல்லாடிக்கொண்டிருந்த ரிட்டர் என்ற இளைஞர். மருந்துக்கடையில் தொழில் பழகியவர். வெளிச்சம் பட்டால் கறுக்கும் வெள்ளி உப்பை, நிறங்கள் முடிந்துபோன இருட்டுப் பகுதியில் வைத்துப் பார்த்தார். ஊதா நிறத்தில் வைத்ததைக் காட்டிலும் அங்கே அது விரைவாகக் கறுத்தது. இது 1801-இல். புற ஊதாக் கிரணத்தை உலகத்துக்குக் காட்டிய அந்த மனிதர் முப்பத்துமூன்று வயதில் மாண்டுபோனார். இயற்கையில் எல்லாமே எதிரெதிர் இணைகளாக இருக்கும் என்ற தத்துவப் பிடிவாதமே அவரை அந்த இருட்டுப் பகுதிக்கு இட்டுச் சென்றது என்பதை நினைக்கும்போது, தத்துவத்தினால் விஞ்ஞானத்துக்குப் பயனில்லை என்று வாதிப்பவர்கள் கொஞ்சம் தயங்கிப் பேசுவது நலம் என்று தோன்றுகிறது.

அந்தக் கிரணம் கிருமியைக் கொல்லும் என்பது தெரிய மேலும் முக்கால் நூற்றாண்டு கழிந்தது. 1877-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த டௌன்ஸ், பிளண்ட் என்ற இருவர், நுண்ணுயிர்கள் செழித்து வளரத்தக்க சத்து நீரைக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, சிலவற்றை வெயிலில் வெறுமனே வைத்தார்கள். சிலவற்றை ஒளி புகாதபடி மூடி அதே வெயிலில் வைத்தார்கள். மூடியிருந்தவை கலங்கிக் கெட்டன. வெயில் குடித்தவை தெளிவாகவே இருந்தன. இவ்வளவு எளிய பரிசோதனையை அதற்கு முன் ஆயிரம் பேர் செய்திருக்கலாம். செய்து, வியந்து, எந்த நிறத்தின் வேலை இது என்று கேட்டு, நீலத்துக்கும் ஊதாவுக்கும் உள்ள விசேஷ சக்தியைக் கண்டு, லண்டன் ராயல் சொஸைட்டிக்கு எழுதி அனுப்பியவர்கள் இவர்களே. பின்னர் டென்மார்க்கில் ஃபின்ஸன் என்ற வைத்தியர், மின்வில் விளக்கின் ஒளியைக் குவித்து முகத்தில் பாய்ச்சி, தோலை அரிக்கும் கோரமான க்ஷயப் புண்களை ஆற்றிக் காட்டி, 1903-இல் நோபல் பரிசு பெற்றார். ஒளி மருந்தாகும் என்ற எண்ணம் அப்போது ஐரோப்பா எங்கும் பரவிவிட்டது.

எண்ணம் இருந்தால் போதுமா? கருவி வேண்டாமா? 1901-இல் நியூயார்க்கில் கூப்பர் ஹெவிட் பாதரச ஆவி விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். சிவப்பே கலவாத அதன் நீலப்பச்சை ஒளியில் மனிதர் முகமெல்லாம் பிணத்தின் முகம்போல் தோன்றும். வீட்டு விளக்காக அது விலைபோகவில்லை. ஆயினும் கிருமிகளைக் கொல்லும் கிரணம் பாதரச ஆவியில் ஏராளமாகப் பிறக்கிறது. துரதிருஷ்டம் என்னவென்றால், பிறந்த கிரணத்தைச் சாதாரணக் கண்ணாடி வெளியே விடுவதில்லை, சிறை வைத்துவிடுகிறது. அதை வெளியேவிடும் பொருள் படிகக்கல் ஒன்றுதான். அதையோ சுமார் 2000 டிகிரி உஷ்ணத்தில் உருக்க வேண்டும். ஜெர்மனியில் ஹானாவ் நகரில் ஹெரேயஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த கியூக் என்பவர், பிளாட்டினத்தை உருக்கப் பயன்பட்ட ஆக்ஸிஜன்–ஹைட்ரஜன் ஜுவாலையிலேயே படிகத்தையும் உருக்கிக் குமிழியில்லாத குழாயாக வார்க்கும் வித்தையை 1899-ஐ ஒட்டிக் கைவரப்பெற்று, சில ஆண்டுகளில் அந்தக் குழாயில் பாதரச விளக்கையும் செய்து முடித்தார். படிக விளக்கு பிறந்த பிறகுதான் புற ஊதாக் கிரணம் பரிசோதனைச் சாலையை விட்டுத் தெருவுக்கு வந்தது.

முதலில் அதைத் தண்ணீருக்குள் இறக்கியவர்கள் லியோன் நகரத்தில் சுகாதாரப் பேராசிரியர் கூர்மோனும் அவருடைய சகாவான நோஜியேயும். 1909-இல், நீர் ஓடும் பாத்திரத்தில் விளக்கையே அமிழ்த்திவைத்து, கிருமிகள் மாண்டுபோவதை அவர்கள் நிரூபித்தார்கள். ஆனால் அக்காலத்து விளக்கு தண்ணீரின் குளிர்ச்சியில் தன் வலிமையை இழப்பது. ஆகவே பாரிஸில் விக்தர் ஹென்றி என்ற பேரறிஞர், ஹெல்ப்ரோனர், ரெக்லிங்ஹௌஸன் என்னும் இருவரோடு சேர்ந்து, விளக்கை நீரில் நனையாமல் அருகிலே நிறுத்தி, நீரைத் திரும்பத் திரும்ப அதன் முன் கொண்டுவரும் உபாயத்தை வகுத்தார். ஹென்றி, ருஷியப் பெற்றோருக்கு மார்ஸேல்ஸிலேயே பிறந்தவர். நொதிகளின் வேகத்தைக் கணக்கிட்டுச் சொன்ன முன்னோடிகளில் ஒருவர். நாளொன்றுக்குச் சுமார் 200 கன மீட்டர், அதாவது இரண்டு லட்சம் லிட்டர் நீரைச் சுத்தம் செய்யும் முதல் நிலையம் மார்ஸேல்ஸில் எழுந்தது. தொடர்ந்து ரூவான் நகரத்திலும் ஒன்று ஏற்பட்டது. அமெரிக்காவில் கெண்டக்கி ராஜ்யத்து ஹெண்டர்ஸன் என்ற சிற்றூர் 1916-இல் இதைக் கைக்கொண்டது.

மார்ஸேல்ஸ் விளக்கின் அழகும் அவலமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. ஒளி தண்ணீரில் எதையும் கலப்பதில்லை. ருசி மாறாது, வாசனை ஏறாது, சில விநாடியில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஒளி நேர்கோட்டில் செல்வது. வண்டல் துகளின் நிழலில் ஒரு கிருமி ஒதுங்கிக்கொண்டால் அதைத் தேடிப்போய்க் கொல்ல ஒளியினால் ஆகாது. கலங்கல் நதியின் நீரை முதலில் வடிகட்டிகளில் பலமுறை வடித்துத் தெளியவைத்த பிறகே விளக்கின் முன் விட முடிந்தது. தெளியவைக்கும் செலவே பெருஞ்செலவு. நம் முன்னோர் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் தேய்த்து நீரைத் தெளியவைத்ததும், தெளிந்ததையே குடிப்பதற்கு உகந்ததென்று கொண்டதும் வாசகர் அறிந்ததே. ஆயினும் ஒரு குடத்தைத் தெளியவைப்பது வேறு, ஒரு நதியைத் தெளியவைப்பது வேறு. விளக்குகளோ விலை உயர்ந்தவை, சீக்கிரம் தேய்பவை, மின்சாரத்தை வாரி விழுங்குபவை. நகரம் முழுவதற்கும் அந்த முறையை விரிவாக்கும் எண்ணம் கைகூடவில்லை.

போட்டிக்கு வந்தவனும் லேசானவன் அல்லன். 1908-இல் அமெரிக்காவில் ஜெர்ஸி சிட்டியின் குடிநீரில் டாக்டர் லீல் என்பவர், யாரிடமும் அனுமதி கேளாமலே, சலவைச் சுண்ணத்தைக் கரைத்துவிட்டார். வழக்கு நடந்துகொண்டிருந்த தண்ணீர். விஷம் கலந்தார் என்று எதிர்த்தரப்பினர் கூச்சலிட்டனர். நீதிமன்றமோ இறுதியில் அது பாதுகாப்பானதென்றே ஒப்புக்கொண்டது. குளோரினுக்கு விலை சொற்பம். சற்றே கலங்கிய நீரிலும் அது வேலை செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீரோடு தானும் குழாய்க்குள் புகுந்து, கடைசி வீட்டுக் குழாயடி வரை காவலுக்கு வரும். ஒளி அப்படிக் கூட வருவதில்லை. விளக்கைக் கடந்த மறுகணமே தண்ணீர் அநாதையாகிவிடுகிறது. பிரான்ஸிலும் ஒளியை ஒதுக்கித் தள்ளியது யுத்தமே. பனாமாக் கால்வாய் விவகாரத்தில் பெயர்பெற்ற புனோ-வரியா என்ற எஞ்சினீயர் 1916-இல் வெர்துன் போர்க்களத்துச் சேனைகளுக்குத் தண்ணீர் வழங்கும் பொறுப்பை ஏற்று, மிகச் சிறிதளவு குளோரினை வேகமாகக் கலக்கிச் சேர்த்தார். யுத்தம் முடிந்ததும் அந்த முறை ‘வெர்துனாக்கம்’ என்ற கீர்த்தியோடு பிரெஞ்சு நகரங்கள் பலவற்றில் பரவியது. படிக விளக்கு மறதியில் ஆழ்ந்தது.

மறதிக் காலத்திலும் சாஸ்திரம் உறங்கவில்லை. ராக்ஃபெல்லர் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த கேட்ஸ், 1928 முதல் சில ஆண்டுகளில், எந்த அலைநீளம் கிருமியை அதிகமாகக் கொல்கிறதென்று ஒவ்வொன்றாக அளந்து, 260 நானோமீட்டரை ஒட்டி அந்தச் சக்தி உச்சமடைவதையும், நியூக்ளிக் அமிலம் ஒளியை உறிஞ்சும் பாங்கும் அப்படியே இருப்பதையும் குறித்துவைத்தார். உயிரின் ரகசியம் புரதத்திலேயே இருக்கிறதென்று பலரும் நம்பிய காலத்தில், அந்தக் கோடு வேறிடத்தைச் சுட்டிக்காட்டியதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1949-இல் கெல்னர் என்பவர் கண்டது இன்னும் விசித்திரம்: புற ஊதாக் கிரணத்தால் அடிபட்ட நுண்ணுயிர்களைச் சாதாரண வெளிச்சத்தில் வைத்தால் கணிசமானவை பிழைத்து எழுந்துவிடுகின்றன. 1960-இல் ஹாலந்திலிருந்து அதன் விளக்கம் வந்தது. கிருமியின் மரபுப் பொருளில் அடுத்தடுத்து நிற்கும் தைமின் கூறுகள் இரண்டை அந்தக் கிரணம் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. ஒட்டிய சுவடியைப் பிரதி எடுக்க முடியாது. ஆகவே கிருமி சாவதற்கு முன்பே மலடாகிவிடுகிறது. வம்சம் பெருக்க முடியாத கிருமி வயிற்றில் புகுந்தாலும் நோய் செய்யாது. ஒட்டிய இடத்தைப் பிரித்துச் சரிசெய்யும் ஒரு நொதியைக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் தூண்டிவிடுவதாலேயே, முன் சொன்ன மறுபிறப்பு நேர்கிறது.

விளக்கை மறுபடி எடுத்து ஏற்றியவர்கள், தெளிந்த மலை ஊற்று நீர் வாய்க்கப்பெற்ற ஸ்விட்ஜர்லாந்து, ஆஸ்திரியா தேசத்தார். 1955 முதல் அங்கே இது வேர்கொண்டு, முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான நிலையங்களாகப் பெருகியது; இதற்குள் நீண்டகாலம் உழைக்கும் மலிவான விளக்குகளும் வந்திருந்தன. 1974-இல் ரோட்டர்டாம் நகரத்து ரூக் என்ற ரசாயன நிபுணர், குளோரின் கலந்த நீரில் இலைதழைச் சத்தோடு அது கூடிக் குளோரோஃபார்ம் முதலிய பொருள்கள் உண்டாகின்றன என்று காட்டியதும், எதையும் கலக்காத ஒளியின்மேல் உலகத்தின் பார்வை திரும்பியது.

1993 வசந்தத்தில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குழாய் நீரில் புகுந்து, சுமார் 4,03,000 பேரைப் பேதியில் தள்ளியது. கெட்டியான ஓட்டுக்குள் பதுங்கியிருக்கும் அதைக் குளோரினால் ஒன்றும் செய்ய முடியவில்லை. புற ஊதாக் கிரணத்தாலும் முடியாது என்றே நிபுணர்கள் பலகாலம் சாதித்து வந்தார்கள். சாயமேற்றிப் பார்த்தால் அது உயிரோடிருப்பதாகவே தெரிந்தது. 1998-ஐ ஒட்டி அதை எலிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோதுதான், மிகச் சொற்பமான ஒளிபட்டாலே அது நோய் செய்யும் திறனை இழந்துவிடுகிறதென்று தெரியவந்தது. உயிரோடிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், வம்சம் பெருக்குமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்ஸின் அளவுகளும் ஹாலந்தின் விளக்கமும் கையில் இருந்தும் அந்தக் கேள்வி எழ இத்தனை காலம் ஆனதை நிபுணர்களின் குற்றமென்றே நான் கருதுகிறேன்.

நம் ஊரின் பெயரும் இந்தச் சரித்திரத்தில் ஓரிடத்தில் வருகிறது. பெருமைக்குரிய இடத்தில் அன்று. 1992-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் சென்னையில் புதுவகைக் காலரா ஒன்று தோன்றியது. பழைய காலராவை வென்றவரையும் விடாத அந்தக் கிருமி, ஓ139 என்ற எண்ணும் வங்காளத்தின் பெயரும் பெற்று, அடுத்த ஆண்டில் கல்கத்தாவிலும் வங்க தேசத்திலும் பேயாட்டம் ஆடியது. அச்செய்தியால் மனம் கலங்கியவர்களில் ஒருவர், பம்பாயில் பிறந்து கலிபோர்னியாவில் பெர்க்லி ஆராய்ச்சிக் கூடத்தில் பணிபுரிந்த அசோக் காட்கில். மின்சாரம் அருமையான கிராமத்துக்கும் ஆகும்படி அவர் ஒரு கருவி வகுத்தார். விளக்கைத் தண்ணீரில் அமிழ்த்தாமல், ஆழமற்ற தட்டில் தானாக இறங்கியோடும் நீரின் மேலே தொங்கவிட்டார். அதனால் விளக்கின்மேல் பாசியும் உப்பும் படிவதில்லை. சுமார் 60 வாட் மின்சாரத்தில் நிமிஷத்துக்கு 15 லிட்டர். எண்பது ஆண்டுகளுக்கு முன் விக்தர் ஹென்றி விளக்கை நனையவிடாமல் நிறுத்தியது குளிர்ச்சிக்கு அஞ்சி. இவர் நிறுத்தியது பாசிக்கு அஞ்சி.

இதற்கும் முன்னதாகவே, 1984-இல், ஆக்வாகார்டு என்ற பெயரில் புற ஊதா விளக்குப் பெட்டி இந்தியக் கடைகளுக்கு வந்து, வீடுவீடாகக் கதவைத் தட்டி விற்பவர்களின் வாய்வன்மையால் நடுத்தரக் குடும்பங்களின் சுவரில் ஏறிவிட்டது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைக்கும் வழக்கம் பல வீடுகளில் அன்றோடு போயிற்று. எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருந்தது. அதன் நீல வெளிச்சத்தைப் பார்த்து, எரிகிறது, நலம் என்று நான்கு ஆண்டு திருப்தியாக இருந்தேன். பழுதுபார்க்க வந்த பையன் சிரித்துக்கொண்டே, “சார், லைட் எரியும், ஆனா உள்ளே பவர் போயிருக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்” என்றான். அவன் சொன்னது முழுவதும் சரி. நாம் காணும் நீலம் வேறு, கொல்லும் கிரணம் வேறு, 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தக் கிரணத்தை எந்தக் கண்ணும் காணாது. குழாய் பழசாகும்போது அது மங்கிப்போக, நீலம் மட்டும் ஏமாற்றிக்கொண்டு நிற்கும். உப்புத் தண்ணீரை நன்னீராக்கவும் அந்த விளக்குக்குச் சக்தியில்லை.

புற ஊதா ஒளியால் நீரைச் சுத்தம் செய்வதில் இன்று உலகத்திலேயே பெரிய நிலையங்களில் ஒன்று, நியூயார்க் நகரத்துக்கு வடக்கே 2013-இல் முழு வேலையைத் தொடங்கியது. காட்ஸ்கில், டெலவேர் மலைநீர் முழுவதும் அங்கே 56 பெரிய உருளைகளின் வழியே, விளக்குகளின் முன்னால் ஓடிப் போகிறது. நாளொன்றுக்கு இருநூறு கோடி காலனுக்கு மேல் சுத்தம் செய்யும் வசதி அதற்கு உண்டு. வடிகட்ட வேண்டாத அளவுக்குத் தெளிந்த நீர் அது. அந்த நீரிலும் குளோரின் சேர்த்தே ஊருக்குள் விடுகிறார்கள்.